தொட்டிக்கரியில் இரட்டை உலோகம்: வினையூக்கியைச் சோதிக்கும் முழுமையான வழிகாட்டி

காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் போகிற வழியில் தேங்காய்க் களங்களைப் பார்த்திருப்பீர்கள். பருப்பு எண்ணெய்க்குப் போய்விடும், தொட்டி கரியாகும். மற்ற ஊர்க்காரர்கள் சிரட்டை, கொட்டாங்குச்சி என்பதைத்தான் எங்கள் பக்கம் தொட்டி என்கிறோம். அந்தக் கரியை 800 முதல் 1000 டிகிரி செல்சியசில் நீராவி காட்டி ஊக்கினால் ஆக்டிவேட்டட் கார்பன். கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு கிராமில் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு.

இன்னொரு பக்கம் கோவை ஃபவுண்டரிகள். பம்ப் வார்ப்படத்துக்கு மணல் அச்சைக் கெட்டிப்படுத்தும் ஃபியூரான் பிசின், ஃபர்ஃபியூரில் ஆல்கஹாலிலிருந்து வருகிறது. அது ஃபர்ஃபியூராலிலிருந்து வருகிறது. ஃபர்ஃபியூராலோ மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையிலிருந்தும் கரும்புச் சக்கையிலிருந்தும் வருகிறது. ஃபர்ஃபியூராலை ஆல்கஹாலாக்க ஆலைகளில் காலங்காலமாக இருப்பது காப்பர் குரோமைட் வினையூக்கி. குரோமியத்தின் நச்சு காரணமாக அதற்கு மாற்றுத் தேடுகிறார்கள். கரியின் மேல் பிளாட்டினத்தையும் கோபால்ட்டையும் சேர்த்து ஏற்றுவது அப்படி ஒரு மாற்று. மூலக்கூறில் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த இரட்டைப் பிணைப்பு மட்டும் ஹைட்ரஜனை வாங்க வேண்டும், ஃபியூரான் வளையம் அப்படியே நிற்க வேண்டும். இதைத்தான் தேர்ந்த ஹைட்ரஜனேற்றம் என்கிறோம்.

வினையூக்கியைச் செய்வது ஒரு வாரம். செய்தது என்ன என்று கண்டுபிடிப்பது ஒரு வருஷம். அலுமினாவில் உலோகத்தை ஏற்றிப் பழகியவர்கள் கரிக்கு வந்ததும் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காரணம் ஒன்றுதான்: கரி சும்மா உட்கார்ந்திருக்கிற தாங்கி இல்லை. அது வாயுவை உறிஞ்சும், சூட்டில் தானும் வாயு விடும், ஹைட்ரஜனோடு சேர்ந்து மீத்தேனாகும், எக்ஸ்ரேயில் தன் மேட்டைக் காட்டும், வினைப்பொருளையும் விழுங்கும். எந்தக் கருவியில் வைத்தாலும் உலோகத்தின் பேச்சோடு கரியின் பேச்சும் கலந்தே வரும். அதைப் பிரித்துக் கேட்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

ஐந்து டப்பா

எதையும் அளப்பதற்கு முன் ஐந்து டப்பா தயாராக இருக்க வேண்டும். முதலாவது வெறும் கரி. ஆனால் சாக்கிலிருந்து அப்படியே எடுத்தது ஆகாது. உலோக உப்பு மட்டும் இல்லாமல், அதே அமிலம், அதே தண்ணீர், அதே உலர்த்தல், அதே ஹைட்ரஜன் சூடு எல்லாம் பட்ட கரி. இரண்டாவது பிளாட்டினம் மட்டும் ஏற்றியது, மூன்றாவது கோபால்ட் மட்டும் ஏற்றியது, நான்காவது இரண்டும் ஏற்றியது. ஐந்தாவதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்: இரண்டாவதையும் மூன்றாவதையும் உரலில் போட்டுக் கலந்தது. இரண்டு உலோகமும் பக்கத்தில் இருந்தாலே போதுமா, ஒரே துகளுக்குள் சேர்ந்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இந்த ஐந்தாவது டப்பாதான் பதில் சொல்லும்.

அளவுக்கு ஒரு கணக்கு. ஒரு கிராம் வினையூக்கியில் 2 சதவீதம் பிளாட்டினம் என்றால் 20 மில்லிகிராம், அதாவது 0.1025 மில்லிமோல். அணுவுக்கு அணு சமமாகக் கோபால்ட் வேண்டுமானால் 6 மில்லிகிராம், எடையில் 0.6 சதவீதம். எடை விகிதத்தையும் அணு விகிதத்தையும் குழப்பிக்கொண்டு ‘ஒன்றுக்கு ஒன்று’ என்று எழுதிய ஆய்வேடுகள் உண்டு. டப்பாவின் மேலேயே இரண்டையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கரியை அறிவது

தொட்டிக்கரியில் சாம்பல் உண்டு, சாம்பலில் பொட்டாசியம் உண்டு, சிலிக்கா உண்டு, கொஞ்சம் இரும்பும் வரும். பொட்டாசியம் வினையின் போக்கையே மாற்றக்கூடியது. முதலில் 650 டிகிரியில் மஃபிள் அடுப்பில் எரித்துச் சாம்பல் சதவீதத்தை எடுங்கள். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, குளோரைடு போகும்வரை வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள். கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் சொட்டினால் வெண்மை தட்டக்கூடாது. முத்தூர்ப் பக்கம் ஒரு கரிக்காரரிடம் சாம்பிள் வாங்கப் போனபோது, “ஏனுங்க, கரியப் போயி இத்தன தண்ணியில அலசறீங்களே, அது வெளுத்துருமுங்களா?” என்று கேட்டார். வெளுக்காதுதான். ஆனால் கழுவாத கரியில் செய்த முதல் ஆறு மாத வேலையை நான் தூக்கிப் போட்டதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அடுத்து கரியின் மின்சுமை. நீராவியில் ஊக்கிய கரி பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. அதன் சுழிச்சுமைப் புள்ளி, அதாவது மேற்பரப்பின் மின்சுமை சுழியாகும் இடம், பிஹெச் 9, 10 என்ற அளவில் இருக்கும். குளோரோபிளாட்டினிக் அமிலத்தின் எதிர்மின் அயனி அப்படிப்பட்ட கரியில் நன்றாக ஒட்டும். நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் கார்பாக்சில் தொகுதிகள் முளைத்து அந்தப் புள்ளி 3, 4 என்று இறங்கும். அப்போது அதே அயனி தள்ளப்படும், டெட்ரா அம்மைன் பிளாட்டினம் போன்ற நேர்மின் அயனிக்கு மாற வேண்டும். இதைப் பார்க்காமல் யாரோ எழுதிய செய்முறையை அப்படியே பின்பற்றினால், பாதி பிளாட்டினம் வடிநீரோடு சாக்கடைக்குப் போகும். விலை தெரியும்தானே?

பரப்பளவுக்கு நைட்ரஜன் உறிஞ்சல், 77 கெல்வினில். திரவ நைட்ரஜனுக்கு அலைய வேண்டாம். மாட்டுக்குச் சினை ஊசி போடும் இடங்களுக்கு வாராவாரம் கேன் வருகிறது, அதே சப்ளையர் உங்களுக்கும் தருவார். அமிலம் காட்டிய கரியை 150 டிகிரிக்கு மேல் வெற்றிடத்தில் சூடாக்காதீர்கள். 200 தாண்டினால் நீங்கள் வளர்த்த கார்பாக்சில் தொகுதிகள் கார்பன் டை ஆக்சைடாகக் கழன்றுவிடும்.

உறிஞ்சிய வாயுவிலிருந்து பரப்பைக் கணக்கிடும் பிஇடி சமன்பாடு 1938-ல் வந்தது. சார்பழுத்தம் (வாயுவின் அழுத்தத்தை அதன் நிறைவு அழுத்தத்தால் வகுத்தது) 0.05 முதல் 0.3 வரை என்பது பாடப்புத்தக வழக்கம். 2 நானோமீட்டருக்கும் குறைவான நுண்துளைகள் நிறைந்த தொட்டிக்கரிக்கு அது பொருந்தாது. உறிஞ்சிய அளவை ‘ஒன்று கழித்தல் சார்பழுத்தம்’ என்பதால் பெருக்கி வரைந்து பாருங்கள். அந்தக் கோடு ஏறிக்கொண்டிருக்கும் பகுதிக்குள் மட்டும் பிஇடி போடலாம். பெரும்பாலும் 0.1-க்குக் கீழேயே முடிந்துவிடும். மென்பொருள் தானாகத் தேர்ந்தெடுத்த பகுதியை நம்ப வேண்டாம். உலோகம் ஏற்றிய பின் பரப்பு 5 சதவீதம் குறைந்தால் கவலையில்லை. 30 சதவீதம் குறைந்தால் துளை வாய் அடைபட்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

உலோகம் உண்மையில் எவ்வளவு ஏறியது

கரைசலில் உள்ள உலோக அளவைக் காட்டும் ஐசிபி எடுக்காமல் ‘2 சதவீத பிளாட்டினம்’ என்று எழுதக்கூடாது, அது ஆசை மட்டுமே. கரியை 500 டிகிரியில் மெல்ல எரித்துவிட்டு மிச்சத்தை ராஜ திராவகத்தில் கரைப்பது பிளாட்டினம், பல்லேடியம், கோபால்ட்டுக்குச் சரிவரும். வேறு உலோக ஜோடி வைத்தால் கவனம்: ருத்தேனியத்தைக் காற்றில் எரித்தால் அதன் ஆக்சைடு ஆவியாகிப் போய்விடும். வெள்ளீயமோ குளோரைடாக மாறினால் 114 டிகிரியிலேயே கொதிக்கும், ஆகவே திறந்த பீக்கரில் அமிலம் காய்ச்சுவது வீண். அவற்றுக்கு மூடிய மைக்ரோவேவ் கலத்தில் கரைப்பதுதான் வழி. வடிநீரையும் அளந்து இரண்டையும் கூட்டிப் பாருங்கள், போட்ட கணக்கு வர வேண்டும்.

டிபிஆர்: கரி அதிகம் பொய் சொல்லும் இடம்

டிபிஆர் என்பது சூடு ஏற்றிக்கொண்டே ஹைட்ரஜனில் ஒடுக்கி, அதாவது ஆக்சிஜனைப் பறித்து, எந்தச் சூட்டில் எவ்வளவு ஹைட்ரஜன் செலவாகிறது என்று பார்ப்பது. ஆர்கானில் 5 அல்லது 10 சதவீத ஹைட்ரஜன், நிமிடத்துக்கு 10 டிகிரி ஏற்றம், வெப்பக்கடத்தல் உணரி. கோபால்ட் ஆக்சைடு தனியாக இருந்தால் ஏறக்குறைய 250 முதல் 450 டிகிரிக்குள் இரண்டு படியாக ஒடுங்கும். பிளாட்டினம் பக்கத்தில் இருந்தால் அந்தச் சிகரம் கீழே இறங்கும். உடனே ‘உலோகங்கள் கலந்துவிட்டன’ என்று எழுதும் ஆசை வரும். பொறுங்கள். பிளாட்டினத்தில் பிளந்த ஹைட்ரஜன் அணு கரியின் மேல் வழிந்தோடிப் போய்ப் பக்கத்துக் கோபால்ட்டை ஒடுக்கினாலும் சிகரம் இறங்கும். ஐந்தாவது டப்பாவை ஓட்டுங்கள். வெறும் கலவையிலும் சிகரம் இறங்கினால் அது வழிந்தோடிய ஹைட்ரஜனின் வேலை. நான்காவதில் மட்டும் இறங்கினால், அல்லது அதில் மிகக் கூடுதலாக இறங்கினால், நெருக்கத்துக்கு ஒரு சாட்சி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

450, 500 டிகிரிக்கு மேல் வரும் பெரிய மேடு பெரும்பாலும் ஒடுக்கமே இல்லை. உலோகத்தின் துணையோடு கரியே ஹைட்ரஜனைத் தின்று மீத்தேனாகிறது. அதற்கு முன்னாலேயே கரியின் ஆக்சிஜன் தொகுதிகள் கார்பன் மோனாக்சைடாகவும் டை ஆக்சைடாகவும் கழன்று உணரியைக் கலக்கும். வெளியேறும் வாயுவை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் 15, 28, 44 என்ற நிறைகளில் பாருங்கள். மீத்தேனுக்கு 16 வேண்டாம், ஆக்சிஜன் கொண்ட மூலக்கூறுகளின் துண்டும் அங்கே விழும். அந்த வசதி இல்லையென்றால் முதல் டப்பாவின் கோட்டைக் கழித்து, 400 டிகிரிக்கு மேல் கணக்குப் போடுவதை நிறுத்திவிடுங்கள். ஹைட்ரஜன் கணக்கு இப்படி: ஒரு கோபால்ட் அணுவுக்கு, மூன்று கோபால்ட் நான்கு ஆக்சிஜன் கொண்ட ஆக்சைடிலிருந்து, 1.33 ஹைட்ரஜன் மூலக்கூறு. மூன்று வந்தால் கரி சேர்ந்து தின்றிருக்கிறது.

பல்லேடியம் வைத்து வேலை செய்பவர்களுக்கு ஒரு வரம் உண்டு. பல்லேடியம் அறைச்சூட்டிலேயே ஹைட்ரஜனை உள்ளே வாங்கி ஹைட்ரைடாகும். சூடு ஏறும்போது 60, 80 டிகிரியில் அதை விட்டுவிடும், கோட்டில் தலைகீழ்ச் சிகரம் தெரியும். செம்போ வெள்ளியோ உள்ளே கலந்திருந்தால் அந்தத் தலைகீழ்ச் சிகரம் சுருங்கும் அல்லது மறையும். சொற்ப வாயுச் செலவில் கிடைக்கும் சாட்சிக்கு இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. துகள் மிகச் சிறிதானாலும் அது சுருங்கும் என்பதால், அதே அளவு துகள் கொண்ட தனிப் பல்லேடியத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஒடுக்கி முடித்த வினையூக்கியை அப்படியே காற்றில் திறக்காதீர்கள். ஒரு சதவீத ஆக்சிஜன் கலந்த நைட்ரஜனை மெல்ல விட்டு மேல்தோலை அடக்கிய பிறகு எடுங்கள். பல்லேடியம் ஏற்றிய உலர்ந்த கரியின் மேல் மெத்தனால் ஊற்றினால் தீப்பிடிக்கும். முதலில் நைட்ரஜன் சூழலில் தண்ணீர் விட்டு நனையுங்கள், அப்புறம்தான் கரைப்பான்.

கார்பன் மோனாக்சைடு எண்ணிக்கை

மேற்பரப்பில் எத்தனை பிளாட்டினம் அணு வெளியே தெரிகிறது என்பதை, அவற்றில் ஒட்டும் கார்பன் மோனாக்சைடை எண்ணி இது சொல்லும். ஒரு கணக்கைப் பார்ப்போம். 2 சதவீத பிளாட்டினம் உள்ள 100 மில்லிகிராமில் 10.25 மைக்ரோமோல் பிளாட்டினம். தனிப் பிளாட்டினம் டப்பா 3.9 மைக்ரோமோல் வாயு பிடித்தது என்று வைப்போம். ஒன்றுக்கு ஒன்று ஒட்டுகிறது என்று கொண்டால் 38 சதவீதம் வெளியே இருக்கிறது. பிளாட்டினத்துக்கான மாறிலி 1.13-ஐ 0.38-ஆல் வகுத்தால் துகள் சுமார் 3 நானோமீட்டர். அடுத்து நான்காவது டப்பா 1.6 மைக்ரோமோல்தான் பிடித்தது. அதே கணக்கில் 7 நானோமீட்டர். ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் துகள் இன்னும் 3 நானோமீட்டர்தான். அந்த இடைவெளிதான் செய்தி: கோபால்ட் பிளாட்டினத்தின் மேல் ஏறி அமர்ந்திருக்கிறது, அல்லது துகள் துளைக்குள் மூடப்பட்டிருக்கிறது. எது என்று பிஇடி அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு எண்ணை மட்டும் வைத்துத் துகள் பெருத்துவிட்டது என்று எழுதியவர்கள் பலர், அதில் நானும் ஒருவன்.

கரியே கார்பன் மோனாக்சைடைக் கொஞ்சம் பிடிக்கும். முதல் முறை அளந்து, வெற்றிடம் இழுத்து, மறுமுறை அளந்து, இரண்டின் வித்தியாசத்தை எடுப்பது வழக்கம். முதல் டப்பாவையும் ஓட்டிச் சரிபாருங்கள். பல்லேடியத்துக்கு ஹைட்ரஜனை வைத்து எண்ணினால் உள்ளே போவதும் சேர்ந்துவிடும்.

எக்ஸ்ஆர்டி

எக்ஸ்ஆர்டி என்பது படிகத்தில் பட்ட எக்ஸ்ரே எந்தக் கோணத்தில் சிதறுகிறது என்று பார்ப்பது; இங்கே டிகிரி என்றால் கோணம். செம்புக் குழாயின் கதிரில், 0.15406 நானோமீட்டர் அலைநீளத்தில், கரி 24, 25 டிகிரியில் ஒரு அகன்ற மேடும் 43, 44 டிகிரியில் இன்னொரு மேடும் காட்டும். சிக்கல் இரண்டாவதில். செம்பு 43.3, ருத்தேனியம் 44.0, கோபால்ட் 44.2, நிக்கல் 44.5 எல்லாம் அதே மேட்டின் மேல்தான் விழும். முதல் டப்பாவை அதே தட்டில், அதே எடையில், அதே நேரம் ஓட்டிக் கழிக்காமல் அங்கே எந்தச் சிகரத்துக்கும் பெயர் வைக்காதீர்கள்.

பிளாட்டினத்தின் முதல் சிகரம் 39.8 டிகிரி. அதன் அணிக்கோவை (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டத்தின் பக்க நீளம்) 0.3924 நானோமீட்டர், கோபால்ட்டின் கனசதுர வடிவத்துக்கு 0.3545. பாதிக்குப் பாதி கலந்தால் கலவை விகிதப்படியே அணிக்கோவையும் மாறும் என்ற வெகார்ட் விதிப்படி 0.3734 வரும், சிகரம் 41.9 டிகிரிக்கு நகரும். 40.6-ல் நின்றால் கோபால்ட்டில் ஒரு பகுதிதான் உள்ளே போயிருக்கிறது, மீதி வேறெங்கோ ஆக்சைடாகச் சுருண்டு கிடக்கிறது என்று பொருள். அந்த ஆக்சைடு இங்கே தெரியாது. 3 நானோமீட்டர் துகளுக்குச் சிகரம் 3 டிகிரி அகலம் ஆகிவிடும் என்பதால், ஒரு டிகிரி நகர்வைத் துல்லியமாகச் சொல்ல நிதானமான ஓட்டம் வேண்டும். பல்லேடியத்தில் இன்னொரு பொறி: கரியிலிருந்து கார்பன் உள்ளே புகுந்தால் அணிக்கோவை 0.389-லிருந்து 0.399 வரை விரியும். வெள்ளி கலந்தாலும் விரியும். இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள்.

மின் நுண்ணோக்கி, செம்பு வலைக் கதை

என் சொந்தக் கதை. பல்லேடியமும் செம்பும் ஏற்றிய கரியை நுண்ணோக்கிக்கு அனுப்பினேன். வந்த படத்தில் ஒவ்வொரு துகளிலும் செம்பு. ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு துகளே இல்லாத வெறும் கரியிலும் அதே அளவு செம்பு இருப்பது கண்ணில் பட்டது. சாம்பிள் வைத்த வலையே செம்பு! செம்பு உள்ள சாம்பிளுக்கு நிக்கல் அல்லது தங்க வலை கேளுங்கள், விண்ணப்பத்தில் எழுதிக் கொடுங்கள். கோபால்ட்டிலும் நிம்மதி கிடையாது: நுண்ணோக்கியின் காந்த லென்ஸின் துருவ உலோகத்தில் இரும்பும் கோபால்ட்டும் இருப்பதால் லேசான பொய்ச் சமிக்ஞை வரும். காலி இடத்தில் ஒரு நிறமாலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரான் கற்றையால் வருடி எடுக்கும் இருட்புல ஸ்டெம் படத்தில் கனமான பிளாட்டினம் பளிச்சென்றும் கோபால்ட் மங்கலாகவும் தெரியும். குறைந்தது 200 துகளை அளங்கள். சாதாரணச் சராசரியோடு நிறுத்தாமல், விட்டத்தின் கனங்களைக் கூட்டி வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்த சராசரியையும் போடுங்கள். வாயு எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டியது அதுதான். பிறகு இருபது, முப்பது தனித் துகள்களில் ஒவ்வொன்றாக உலோக விகிதம் எடுங்கள். மொத்தப் படத்தின் சராசரி ஒன்றுக்கு ஒன்று என்று வந்தாலும், பாதித் துகள் தனிப் பிளாட்டினமாகவும் பாதி தனிக் கோபால்ட்டாகவும் இருக்கலாம். ஐந்தாவது டப்பாவும் அதே சராசரியைத்தானே காட்டும்?

எக்ஸ்பிஎஸ், சின்க்ரோட்ரான்

எக்ஸ்பிஎஸ் என்பது எக்ஸ்ரே பட்டு மேற்பரப்பிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களின் ஆற்றலைப் பார்ப்பது. கரி மின்சாரம் கடத்தும், ஆகவே கார்பன் கோட்டை 284.8 எலக்ட்ரான் வோல்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு திருத்தாமல், கிராஃபைட் வகைக் கார்பனின் 284.4-ஐ ஒட்டிச் சரிபாருங்கள். ருத்தேனியத்தின் 3டி கோடு கார்பனின் மேலேயே விழும், 3பி கோட்டுக்குப் போங்கள். செம்பு இருந்தால் அதன் 3பி கோடு பிளாட்டினத்தின் 4எஃப் பக்கத்தில் வந்து இடிக்கும். காற்றுப் பட்ட சாம்பிளில் கோபால்ட் 780, 781-ல் ஆக்சைடாகத்தான் தெரியும், உலோகத்துக்கு 778.2. வினை நடக்கும்போது அது என்னவாக இருந்தது என்பதைக் காற்றுப் பட்ட சாம்பிள் சொல்லாது. கருவியோடு ஒட்டிய அறையிலேயே ஹைட்ரஜனில் ஒடுக்கிப் பார்க்கும் வசதி உள்ள இடத்துக்குப் போங்கள்.

எல்லாம் முடிந்தும் சந்தேகம் மீதி இருந்தால் இந்தூரின் இண்டஸ்-2 சின்க்ரோட்ரான். அங்கே உலோகம் எக்ஸ்ரேயை உறிஞ்சத் தொடங்கும் ஆற்றல் விளிம்பை ஒட்டிப் பார்த்தால் அண்டை அணுக்கள் தெரியும். பிளாட்டினத்தின் எல்3 விளிம்பு 11564 எலக்ட்ரான் வோல்ட், கோபால்ட்டின் கே விளிம்பு 7709. பிளாட்டினத்தைச் சுற்றிக் கோபால்ட் எத்தனை, கோபால்ட்டைச் சுற்றிப் பிளாட்டினம் எத்தனை என்று இரண்டையும் ஒன்றாகப் பொருத்துங்கள். அணு விகிதம் சமமானால் இந்த இரண்டு எண்களும் சமமாக வர வேண்டும். கோபால்ட்டின் மொத்த உலோக அண்டை எண்ணிக்கை பிளாட்டினத்தைவிடக் குறைந்தால் அது வெளித்தோலில் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு எண்ணிக்கையில் வந்த இடைவெளிக்கு இது நேரடிப் பதில்.

வினையில் வைத்துப் பார்ப்பது

வினை நடக்கும் அழுத்தக் கலனான ஆட்டோகிளேவைச் சூடாக்கும் முன், ஃபர்ஃபியூரால் கரைசலில் முதல் டப்பாக் கரியைப் போட்டு நைட்ரஜனில் ஒரு மணி நேரம் கலக்கி, குரோமாட்டோகிராஃபில் அளங்கள். குறைந்த அளவு முழுவதும் கரி குடித்தது. அதைக் கழிக்காமல் ‘மாற்றம்’ என்று எழுதினால் வெறும் கரியே நல்ல வினையூக்கி ஆகிவிடும். கரைப்பானாக மெத்தனால் வைத்தால் அசிட்டால் என்ற பக்கப்பொருள் உருவாகும், ஐசோபுரோப்பனாலில் அந்தத் தொல்லை குறைவு.

தேர்வுத்திறனைச் சம மாற்றத்தில் ஒப்பிடுங்கள். ஒன்றை 25 சதவீதத்திலும் மற்றதை 95-லும் வைத்து ஒப்பிடுவது நியாயம் இல்லை. மெத்தில்ஃபியூரான், டெட்ராஹைட்ரோஃபர்ஃபியூரில் ஆல்கஹால் இரண்டும் ஃபர்ஃபியூரில் ஆல்கஹாலுக்குப் பின்னால் வருபவை. துளைக்குள் வினைப்பொருள் போய்ச் சேர நேரமாகிறதா என்று பார்க்க, 75 மைக்ரானுக்குக் கீழே சலித்ததையும் அதற்கு மேல் நின்றதையும் தனித்தனியே ஓட்டுங்கள். இன்னும் உறுதியாக வேண்டுமானால் மேடனும் பௌடார்ட்டும் 1982-ல் சொன்னபடி, பரவல் (வெளியே தெரியும் உலோக அணுக்களின் பங்கு) ஒன்றாகவும் உலோக அளவு வேறாகவும் உள்ள இரண்டு வினையூக்கிகளை, இரண்டு சூட்டில் ஓட்ட வேண்டும். வேகம் மேற்பரப்பு அணு எண்ணிக்கையோடு நேராக ஏறினால் சரி.

பயன்படுத்திய பின்

சூட்டோடு வடிகட்டி, வடிநீரை மட்டும் மறுபடி ஹைட்ரஜனில் ஓட்டுங்கள். வினை தொடர்ந்தால் உலோகம் கரைந்து போயிருக்கிறது. ஆறிய பின் வடிகட்டினால் கரைந்த பிளாட்டினம் திரும்பக் கரியிலேயே ஒட்டிக்கொண்டு உங்களை ஏமாற்றும். கோபால்ட்தான் முதலில் ஓடும் ஆள், வடிநீரை ஐசிபியில் பாருங்கள்.

மீண்டும் மீண்டும் ஓட்டும்போது வேகம் இறங்கினால் எல்லோரும் உலோகத்தைத்தான் குற்றம் சொல்வார்கள். ஃபர்ஃபியூரில் ஆல்கஹால் அமிலத்தில் பிசினாக இறுகும் பொருள், ஃபவுண்டரிக்காரர்கள் மணலில் அமிலம் கலந்து அச்சைக் கெட்டியாக்குவது அதை நம்பித்தான். நைட்ரிக் அமிலம் காட்டிய கரியின் துளைக்குள் அதே பிசின் அதே மாதிரி இறுகும். பயன்படுத்திய வினையூக்கியின் பிஇடி எடுங்கள். பரப்பு பாதியாகி, ஐசிபியில் உலோகம் குறையாமல் இருந்தால், அடைத்தது பிசின். அப்போது பிளாட்டினத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டு, அமிலத் தொகுதி குறைந்த கரிக்குத் திரும்புங்கள்.

கரி தீரும்போது அதே களத்தில் வாங்கினாலும் அடுத்த சாக்கின் சாம்பல் வேறாக இருக்கும். முதல் நாளே ஐந்து கிலோ வாங்கி, கழுவி, உலர்த்தி, ஒரே பாத்திரத்தில் கலந்து மூடி வைத்துவிடுங்கள். மூடியில் தேதியும் சாம்பல் சதவீதமும் இருக்கட்டும்.